பரண் மேல் மூன்று மிக்ஸி

தமிழ்நாட்டு வீடொன்றில் ஏணி போட்டுச் சமையலறைப் பரணில் ஏறினால், முதலில் கையில் தட்டுப்படுவது பெரும்பாலும் ஒரு மிக்ஸிதான். கல்யாணத்துக்கு வந்தது, மோட்டார் புகைந்ததும் ‘ரிப்பேர் பார்க்க ஆள் வந்தால் கொடுக்கலாம்’ என்று மேலே ஏறியது. அதற்குப் பின்னால், 2011 செப்டம்பர் 15-ல் அரசு தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் கிடைத்த இன்னொன்று, ஸ்டிக்கர்கூட உரியாமல். மூன்றாவது, எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துப்போய், கடைக்காரர் சொன்ன விலை கட்டுப்படியாகாமல் திரும்பி வந்தது. நான்காவதுதான் கீழே மேடையில் தினமும் தேங்காய் அரைக்கிறது.

மிக்ஸியோடு போனால் பரவாயில்லை. தீபாவளிக்கு மட்டும் இறங்கும் முறுக்கு நாழி, நாற்பது பேருக்குப் பொங்குகிற அண்டா, கைப்பிடி போன குக்கர், சீரில் வந்த எவர்சில்வர் அடுக்கு, ‘வாரண்டிக்கு வேண்டியிருக்கும்’ என்று வைத்த காலி அட்டைப்பெட்டிகள். வாரண்டி முடிந்து எத்தனை வருடம் ஆயிற்று என்பது பெட்டிக்கும் தெரியாது, வைத்தவருக்கும் தெரியாது. இத்தனைக்கும் கீழே, சூடான தோசைக்கல்லை இறக்கி வைக்க மேடையில் ஒரு சாண் இடம் இருக்காது.

ஜனவரி பிறந்ததும் ‘இந்த வருஷமாவது கிச்சனை ஒழுங்கு பண்ணணும்’ என்று முடிவெடுப்பவர்கள் முதலில் செய்கிற காரியம், ஆன்லைனில் ஒரே அளவில் இரண்டு டஜன் டப்பா ஆர்டர் போடுவது. அங்கேயே பிசகு தொடங்கிவிடுகிறது. டப்பா போதாமல் எந்தச் சமையலறையும் நெரிவதில்லை. சீர், சலுகை விலை, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம், ஹோட்டல் பார்சல், நவராத்திரிக் கொலுவில் வெற்றிலை பாக்கோடு வரும் கிண்ணம் என்று உள்ளே வரும் வழிகள் ஏராளம். வெளியே போகும் வழிதான் அடைத்துக்கொண்டிருக்கிறது.

எரிக்கிற நாளும் கழிக்கிற நாளும்

கழிப்பதற்கென்றே நம்மிடம் ஒரு நாள் இருக்கிறது. மார்கழியின் கடைசி நாளான போகி, ஜனவரி 13-லோ 14-லோ வரும். வெள்ளையடித்து, ஒட்டடை அடித்து, கிழிந்த பாயையும் தேய்ந்த துடைப்பத்தையும் ஓட்டை முறத்தையும் வாசலில் போட்டுக் கொளுத்திய காலத்தில் எரிந்தவை கோரை, ஓலை, மூங்கில். இன்று ஒரு சமையலறையிலிருந்து கழிபவை பிளாஸ்டிக் வாளி, ரெக்சின் விரிப்பு, ரப்பர் கேஸ்கெட், நான்ஸ்டிக் தவா. 2018 ஜனவரி 13, போகியன்று காலை, புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலைய ஓடுபாதையை மறைத்துவிட்டன. பல விமானங்கள் தாமதமாயின, பல ரத்தாயின, வந்தவற்றில் சில பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் திருப்பி விடப்பட்டன. பிளாஸ்டிக்கையும் டயரையும் எரிக்காதீர்கள் என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் வேண்டுகோள் விடுக்கிறது. அண்மை ஆண்டுகளில் சென்னை மாநகராட்சி, போகிக்கு முந்தைய நாள்களில் இத்தகைய பழைய பொருள்களைத் தனியே வாங்கிக்கொள்ளவும் தொடங்கியிருக்கிறது.

ஆங்கிலப் புத்தாண்டுக்கும் போகிக்கும் நடுவில் கிட்டத்தட்ட இரண்டு வாரம் கிடைக்கிறது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அத்தனையையும் தரையில் இறக்கிவிட்டு, மதியம் மூன்று மணிக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, ராத்திரி எட்டு மணிக்கு எல்லாவற்றையும் அள்ளி மறுபடி பரணிலேயே ஏற்றுகிற வழக்கத்தைவிட, ஒரு நாளைக்கு ஒரு தட்டு என்று இறக்குவது நடக்கக்கூடிய காரியம்.

ஜப்பானியர்களுக்கும் ஆண்டுக் கடைசியில் இப்படி ஒரு பெரும் துப்புரவு உண்டு. எடோ கோட்டையில் டிசம்பர் 13-ல் புகைக்கரி துடைத்த பழைய வழக்கத்தின் தொடர்ச்சி அது. அந்த நாட்டிலிருந்து வந்தவர்தான் வீட்டை ஒழுங்கு செய்யக் கற்றுத்தரும் மாரி கோண்டோ. 2019 புத்தாண்டு நாளில் நெட்ஃபிளிக்ஸில் வெளியான அவருடைய தொடரைப் பார்த்து உலகமே துணி மடிக்கக் கற்றுக்கொண்டது. மகிழ்ச்சி தராத பொருளை நன்றி சொல்லி அனுப்பிவிடு என்பது அவர் கொள்கை. நம் வீட்டு இட்லிக் கொப்பரையிடமும் புளி வடிகட்டியிடமும் மகிழ்ச்சியை எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு வீட்டை ஒழுங்காக வைப்பதை ஏறக்குறைய கைவிட்டுவிட்டதாக அதே கோண்டோ 2023 ஜனவரியில் சொன்னபோது, பல தாய்மார்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

சமையலறைக்கு அதைவிடப் பொருத்தமான ஜப்பானியப் பாடம் சென்னைப் பாடியிலும் ஓசூரிலும் உள்ள தொழிற்சாலைகளில் கிடைக்கிறது. தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை 1998-ல் இந்தியாவிலேயே முதலில் வென்றது பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு. அந்த மாதிரித் தொழிற்சாலைகளில் பணியிடத்தை ஒழுங்குபடுத்தும் ‘ஃபைவ் எஸ்’ என்ற முறை அன்றாடப் பழக்கம். அதன் முதல் படியில், வேண்டுமா வேண்டாமா என்று தெரியாத பொருளின் மேல் தேதி எழுதிய சிவப்பு அட்டையைக் கட்டி, தனி மூலையில் வைத்துவிடுவார்கள். குறித்த கெடுவுக்குள் யாரும் தேடி வராவிட்டால் அது வெளியேறும். அங்கே வேலை பார்க்கும் கணவரும் மகனும் வீட்டுச் சமையலறையில் மட்டும் இதைச் செய்து காட்டுவதில்லை.

வீட்டில் அட்டைகூட வேண்டாம். தயக்கமுள்ள சாமான்களை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு, பெட்டி மேல் தேதி எழுதி, கூடத்தில் எல்லோர் காலிலும் இடறும்படி வைத்தால் போதும். பரணில் ஏற்றினால் கெடு முடிந்ததே தெரியாது. பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, ஒரு கல்யாண நாள் என்று மூன்று விசேஷம் தாண்டியும் பெட்டி திறக்கப்படவில்லை என்றால், அதற்குள் இருப்பது யாருக்கும் வேண்டாம் என்று அர்த்தம்.

பேர் வெட்டிய பாத்திரம்

சொல்வது எளிது. ஒரு எவர்சில்வர் சம்படத்தைத் திருப்பிப் பார்த்தால், அடியிலோ கழுத்தோரத்திலோ புள்ளி புள்ளியாக இரண்டு இனிஷியலும் ஒரு பேரும் ஒரு தேதியும் இருக்கும். பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து, பேர் வெட்டுகிறவர் அன்று சின்ன உளியாலோ பிற்பாடு மின்கருவியாலோ பொறித்தது. பாட்டியின் பேர், அம்மாவின் கல்யாணத் தேதி, கிரகப்பிரவேசத்துக்குத் தாய்மாமன் வாங்கித் தந்தது என்ற விவரம் எல்லாம் அந்த ஒரு வரியில் அடக்கம். இந்த எழுத்து இருக்கிற வரை பாத்திரத்தைக் கடையில் போட யாருக்கும் கை வராது. செட்டிநாட்டில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைக் கூடம் நிறையப் பரப்பி வைத்துக் காட்டுவதே திருமணத்தில் ஒரு சடங்கு. பித்தளை, வெண்கலம், எனாமல், பீங்கான் என்று எண்ணி வைத்த அந்தச் சாமான்களில் ஒரு பகுதி, வாரிசுகள் சிதறிப்போன பிறகு, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வந்து நிற்கிறது.

பேர் வெட்டியதையெல்லாம் வைத்துக்கொள்வது ஒரு வழி, எல்லாவற்றையும் எடைக்குப் போடுவது இன்னொரு வழி. இரண்டுமே சோம்பேறித்தனம். பன்னிரண்டு சம்படங்களில் நிஜமாகவே யாரோ ஒருவர் ஆசையாக எடுத்துப் பார்ப்பது இரண்டாக இருக்கும். அந்த இரண்டையும் பரணிலிருந்து இறக்கி, தினமும் கையாளும் இடத்தில் காபித்தூளும் சர்க்கரையும் போட்டு வைத்தால் பாட்டிக்கு அது பெரிய மரியாதை. மற்றவற்றை எவர்சில்வர் கடையில் எடை போட்டுக் கொடுத்து வேண்டியதை மாற்றிக்கொள்வது தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் நடப்பதுதான். பித்தளைக்கும் செம்புக்கும் பழைய பாத்திரக்காரர்கள் இன்றும் நல்ல விலை கொடுக்கிறார்கள். பித்தளையை வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர்கள் ஈயம் பூசக் கொடுத்துவிட்டுப் பிறகு புழங்கலாம். பூச்சு போன பித்தளையில் புளி ஊற்றிச் சமைத்தால் களிம்பேறும், உடம்புக்கும் ஆகாது.

மிக்ஸிகளின் கதி வேறு. மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022, நடைமுறைக்கு வந்த 2023 ஏப்ரல் 1 முதல் 106 வகைப் பொருள்களைப் பற்றிப் பேசுகின்றன. சிறிய வீட்டு மின்சாதனங்களும் அவற்றில் சேர்த்தி. தயாரிப்பாளரே மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது விதி. ஆகவே உள்ளாட்சியின் மின்கழிவுச் சேகரிப்பிலோ அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிலையத்திலோ கொடுப்பதே முறை. வயரைக் கொளுத்திச் செம்பு பிரிக்கும் ஆளிடம் அது போய்ச் சேர்ந்தால், போகிப் புகை நம் தெருவை விட்டு அடுத்த தெருவில் கிளம்பும், அவ்வளவுதான். ஓடுகிற நிலையில் உள்ள மிக்ஸிக்குப் பக்கத்துக் குடியிருப்பிலேயே ஆள் கிடைக்கும். கேட்கத்தான் கூச்சம்.

பலகாரம் சுட்ட எண்ணெய்க்கும் ஒரு வழி வேண்டும். தீபாவளி முறுக்கு எண்ணெய் தூக்குவாளியில் மூடி வைத்தபடி ஜனவரி வரை இருக்கிற வீடுகள் உண்டு. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் கேடான சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 முதல் வரம்பு வைத்திருக்கிறது. வீட்டில் அதை அளக்கக் கருவி இல்லை. நிறம் கறுத்து, நுரைத்து, வாடை மாறியிருந்தால் அதுவே போதிய சாட்சி. சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைக்கும்.

வண்டு வரும் வழி

பாத்திரத்தைக் காட்டிலும் உணவுப் பொருளைக் கழிப்பதற்குத்தான் மனசு அதிகம் இடறும். சாப்பாட்டை வீணாக்கக் கூடாது என்று வளர்ந்த கை. அதனால்தான் ரப்பர் பேண்டு சுற்றிய பாதிப் பாக்கெட்டுகள் டிராயர் நிறையச் சேர்கின்றன: கால் பங்கு சேமியா, யாரோ வாங்கிய ஓட்ஸ், ஒரே ஒரு தடவை பனீர் செய்யப் பிரித்த மசாலா, பீட்சாவோடு வந்த கெட்சப் பொட்டலங்கள்.

பாக்கெட் மேல் உள்ள தேதியைப் படிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. ‘யூஸ் பை’ அல்லது ‘எக்ஸ்பைரி’ என்று போட்டிருந்தால் அந்தத் தேதிக்குப் பிறகு உண்ணக் கூடாது. ‘பெஸ்ட் பிஃபோர்’ என்பது தரத்துக்கான கெடு. மணமும் ருசியும் அதுவரை முழுசாக இருக்கும் என்ற உறுதி, மறுநாளே விஷமாகிவிடும் என்ற எச்சரிக்கை அல்ல. முழு மிளகும் முழுத் தனியாவும் மணத்தை நெடுநாள் பிடித்து வைத்திருக்கும். பொடித்த உடனே அது கழியத் தொடங்கும். ஒரு கிலோ சாம்பார் பொடியை அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைத்துவிட்டு, ‘சாம்பார் முன்ன மாதிரி இல்லையே’ என்று சமைக்கிறவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

அரிசிக்கு வருவோம். பெண் வண்டு அரிசியில் துளையிட்டு, உள்ளே முட்டை வைத்து, துளையை மூடிவிடும். புழு அரிசிக்குள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாகத்தான் வெளியே வரும். முறத்தில் எவ்வளவு நன்றாகப் புடைத்தாலும் முட்டை போகாது. பழைய அரிசி மிச்சம் இருக்கும் டிரம்மில் புது மூட்டையை அப்படியே கொட்டுகிற பழக்கத்தால்தான் வண்டு வருடம் முழுக்கக் குடியிருக்கிறது. டிரம்மைக் காலி செய்து, கழுவி, வெயிலில் காய வைத்த பிறகு புது அரிசி போக வேண்டும். மிச்சத்தை முதலில் சமைத்துத் தீர்க்க வேண்டும். கொஞ்சமாக வாங்கும் ரவை, மைதா, கொண்டைக்கடலையை நாலு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் முட்டையும் சாகும்.

மூட்டையாக வாங்குகிறவர்களுக்குக் கோவைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய பூச்சிப் பொறி ஒன்று இருக்கிறது. உடம்பெல்லாம் துளையிட்ட ஒரு குழாய், அடியில் கழற்றக்கூடிய குப்பி. தானியத்துக்குள் செருகி வைத்தால், காற்றைத் தேடி ஊர்கிற வண்டு துளை வழியே உள்ளே புகுந்து, வழுக்கிக் குப்பியில் விழும். ஏறி வர முடியாது. மருந்தும் இல்லை, மின்சாரமும் இல்லை. வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போடுகிற பாட்டி வைத்தியத்தோடு இதற்குச் சண்டையும் இல்லை.

உருளைக்கிழங்கு வெளிச்சத்தில் கிடந்தால் பச்சை பாய்ந்து சொலனைன் என்ற நஞ்சு சேரும். இருட்டான கூடையில், வெங்காயத்தை விட்டுத் தள்ளி வைப்பது நல்லது.

ஃபிராங்க்ஃபர்ட்டும் அஞ்சறைப்பெட்டியும்

கழித்தது போக மிஞ்சியதை அடுக்குவதுதான் இனி. நூறு ஆண்டுகளுக்கு முன் இதைக் கடிகாரத்தோடு ஆராய்ந்தவர் ஒருவர் உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் வீட்டுப் பஞ்சத்தில் தவித்த ஜெர்மனியில், ஃபிராங்க்ஃபர்ட் நகராட்சி குடியிருப்புகளுக்காக 1926-ல் ஒரு சமையலறையை வரைந்தார் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. அகலம் சுமார் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயிலின் உணவுப் பெட்டியில் அத்தனை சின்ன இடத்தில் அத்தனை பேருக்கு எப்படிச் சமைக்கிறார்கள் என்று பார்த்து, நடக்கும் அடிகளையும் நீளும் கையையும் கணக்கிட்டுச் செய்தது. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. அரிசிக்கும் சர்க்கரைக்கும் மூக்கு வைத்த அலுமினிய இழுப்பறைகள். உருவி எடுத்து அப்படியே பாத்திரத்தில் சரித்துவிடலாம். மாவுக்கு மட்டும் புழு அண்டாத ஓக் மரப் பெட்டி. இத்தனையும் வரைவதற்கு முன் தான் சமைத்ததே இல்லை என்று அந்த அம்மையார் பின்னாளில் சொன்னார். ஒரே ஒருத்திதான் நிற்க முடியும், வீட்டில் வேறு யாரும் உள்ளே வந்து கைகொடுக்க வழியில்லை என்று பிற்காலப் பெண்ணியவாதிகள் அந்த அறையைக் குறை கூறியதும் சரிதான்.

நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, சாப்பிடத் தனி இடம் உள்ள வீட்டில் சமையலறைக்குக் கேட்கும் குறைந்த அளவு 5 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 54 சதுர அடி. ஃபிராங்க்ஃபர்ட் அறையைவிடச் சின்னது. அதில்தான் டேபிள் டாப் கிரைண்டரும், தண்ணீர் சுத்திகரிப்பானும், இருபது லிட்டர் கேனும் நிற்க வேண்டும். மாடுலர் கிச்சன் கடைகளில் காட்டும் படங்களில் கிரைண்டர் இருப்பதே இல்லை.

நெரிசலான அறைக்கு நம்மிடம் ஏற்கெனவே உள்ள விடை அஞ்சறைப்பெட்டி. கடுகு, உளுத்தம்பருப்பு, சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள்: இவை ஒரே இனம் அல்ல. பருப்பும் விதையும் கிழங்குப் பொடியும் ஒரு மூடிக்குள் கூடியிருப்பதற்குக் காரணம், எண்ணெய் காய்ந்த அந்த அரை நிமிடத்தில் எல்லாமே வேண்டும் என்பதுதான். இனம் பார்த்து அடுக்காமல் வேலை பார்த்து அடுக்குகிற இந்த முறையை அறை முழுக்க விரிக்கலாம். ஃபில்டர், காபித்தூள், சர்க்கரை, டபரா டம்ளர் எல்லாம் பால் காய்ச்சும் அடுப்புக்கு ஒரு கை தூரத்தில். தோசைக்கல், கரண்டி, எண்ணெய்க் கிண்ணம், இட்லித் துணி இன்னொரு பக்கம். அரிசியும் உளுந்தும் அளக்கும் படியும் கிரைண்டருக்கு அடியில். கண் மட்டத்துக்கும் இடுப்புக்கும் நடுவில் உள்ள தட்டுகள் தினசரிப் பொருளுக்கு மட்டும். கனமான கல்சட்டியும் இரும்புச் சட்டியும் கீழே. மேல் தட்டில் கனமான எதையும் வைக்க வேண்டாம். ஸ்டூல் மேல் ஏறி நின்று, தலைக்கு மேல் இரண்டு கையாலும் குக்கரை இறக்குகிற அறுபது வயது அம்மாக்களை நினைத்தால் இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

டப்பா வாங்குவது இந்தக் கட்டத்தில்தான், அதுவும் அளந்து பார்த்த பிறகு. உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடி பாட்டிலே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். ஹார்லிக்ஸ் பாட்டிலில் ரசப்பொடி போடுகிற வீடுகள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டன. ஹோட்டல் பார்சல் டப்பாக்களைக் கழுவி அடுக்கி வைக்கிறவர்கள், மூடி பொருந்தும் ஆறை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடலாம். கதவுக்குப் பின்னால், கவருக்குள் கவராகத் திணித்துத் தொங்கும் மூட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அந்த மூட்டை மட்டும் இன்னும் இளைக்கவில்லை. அலமாரித் தட்டில் செய்தித்தாள் விரிப்பதில் பெரிய தப்பில்லை, ஆனால் வடையையும் அப்பளத்தையும் அதன் மேல் வைத்தால் அச்சு மை எண்ணெயோடு உணவில் ஏறும்.

யார் அடுக்குவது என்பதில்தான் பல வீடுகளில் சண்டை மூளும். வெளியூரிலிருந்து லீவுக்கு வந்த மகள் ஆசையாக எல்லாவற்றையும் மாற்றி வைத்துவிட்டுப் போவாள்; மறுநாள் காலை அம்மா பெருங்காயத்தைத் தேடிக்கொண்டு நிற்பாள். மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு வேளை சமைக்கிற வீட்டில், இருவரும் கூடி உட்கார்ந்து இடம் பிரிக்காமல் ஒருவர் மட்டும் அடுக்கினால் அது ஒரு வாரம்கூடத் தாங்காது. தினமும் அடுப்படியில் நிற்பவரின் உயரமும் கைப்பழக்கமும்தான் அளவுகோல். மற்றவர்கள் ஏணி பிடிக்கலாம், துடைக்கலாம், கீழே இறங்கியதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வரலாம்.

எல்லாம் இறங்கியிருக்கும் இந்த நாள்களில் மேடைக்கு அடியில் குனிந்து பார்ப்பதும் எளிது. கேஸ் அடுப்பின் ஆரஞ்சு நிறச் சுரக்ஷா குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்; விரிசல் கண்டால் உடனே. 14.2 கிலோ சிலிண்டரின் கழுத்து வளையத் தகட்டில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர், இலக்கம் ஆண்டு. அடுத்த சோதனைக்கான அந்தக் கெடு கடந்த சிலிண்டரை வாங்க மறுக்கலாம். சிலிண்டரை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும், பக்கத்தில் கவர் மூட்டையும் பழைய பேப்பரும் கூடாது. வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-ஐ அழைக்கலாம். அந்த எண்ணை எழுதி ஒட்ட ஃபிரிட்ஜ் கதவு நல்ல இடம். மூடிப்போன பீட்சா கடையின் விளம்பரக் காந்தத்தை எடுத்தால் இடமும் கிடைக்கும்.